கிரிஸ்டலோஸ்

கிரிஸ்டலோஸ்: படிகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளில் பரவி, 'கிரிஸ்டல்' என நம்மிடமும் வழங்குகிறது. இதன் முதற்பொருள் கல் அன்று, பனிக்கட்டி. ஒடிசியில் கடுங்குளிர் இரவொன்றில் வீரர்களின் கேடயங்களில் படிந்து உறைவது கிரிஸ்டலோஸ்தான். ஒளி ஊடுருவும் வெண்கல்லுக்கு அப்பெயர் பிற்காலத்தில் ஏறியது.

பெயரோடு ஒரு கொள்கையும் ஒட்டிக்கொண்டது. கி.பி. 79இல் இறந்த ரோமானியர் பிளினி, தமது 'இயற்கை வரலாறு' 37ஆம் நூலில், கடுங்குளிரில் இறுகிய பனியே படிகம், அது பனி உறையும் இடங்களில் மட்டுமே கிடைக்கும் என்கிறார். அதே மூச்சில் இந்தியப் படிகத்துக்கு மிஞ்சியது இல்லை என்றும் புகழ்கிறார்! எல்லாம் கைவிட்டுப் போனதென்ற செய்தி கேட்ட நீரோ மன்னன் இரண்டு படிகக் கிண்ணங்களை உடைத்தெறிந்த கதையும் அவர் சொல்வதே.

பிளினியைச் சோதிக்கத் தென்காசிப் பக்கத்து மலை போதும். சாரலுக்குப் பேர்போன குற்றாலத்தில் நீர் உறைவதில்லை. ஆயினும் அங்குள்ள பாறைகளில் படிகத்தின் கனிமமான குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. தென் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள் நிலத்தடி ஆழத்தில், 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருமாறியவை. குவார்ட்ஸ் என்பது சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். பனிக்கும் அதற்கும் உறவில்லை.

தமிழர் இக்கல்லைத் தெளிவோடு சேர்த்தனர். 'படிகம்' வடமொழி ஸ்படிகத்தின் தமிழ் வடிவம். 'பளிங்கு' பழைய வழக்கு: அகத்தில் உள்ளதை முகம் காட்டுவதற்கு உவமையாகக் குறள் (706) பளிங்கைக் கொள்கிறது, மணிமேகலையின் நான்காம் காதை 'பளிக்கறை புக்க காதை'. இன்று பளிங்கு என்றால் பலருக்குத் தரையில் பதிக்கும் சலவைக்கல்தான் நினைவுக்கு வரும், அது வேறு கனிமம். நொய்யல் கரைக் கொடுமணல் அகழாய்வில் குவார்ட்ஸ், பெரில் முதலிய கற்களில் மணி செய்த பட்டறைத் தடயங்கள் கிடைத்துள்ளன. ஒளி ஊடுருவும் கற்கள் சேரநாட்டு முசிறித் துறையில் ஏற்றுமதியானதைக் கிரேக்க மாலுமி நூலான பெரிப்ளூசு குறிக்கிறது.

1669இல் டென்மார்க் அறிஞர் ஸ்டெனோ, குவார்ட்சின் முகங்களுக்கிடையிலான கோணம் மாறாதது எனக் கண்டார். பிறகு படிகவியல் தனித்துறையானது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் 1950களில் கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பை ஆராய்ந்ததும் அத்துறையைச் சேர்ந்ததே.