மேசையிலிருந்து காணாமல் போன பிரஷ்யர்கள்

வாட்டர்லூ போரைச் சிற்றுருவ வீரர்களை வைத்து மேசைமீது ஆடுபவர்கள் எல்லோருக்கும் வரும் சிக்கல் ஒன்றுண்டு. பிரஷ்யப் படையை எத்தனை மணிக்கு, எத்தனை பேராக மேசைக்குள் விடுவது? முன்னதாக விட்டால், நெப்போலியனாக ஆடுபவர் தன் கையிருப்புப் படையைக் கிழக்கே திருப்பியாக வேண்டும். பிந்தி விட்டால், வெலிங்டனின் முகடு உடைந்துவிடும். அளவுகோலும் பகடையும் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் ஆட்டத்தின் போக்கு இந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது. விதிப்புத்தகங்கள் இதற்குத் தரும் விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அந்த விடைகளின் ஊற்றைத் தேடத் தொடங்கிய என்னை, லண்டன் செல்சியில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு மாதிரி வடிவம் இழுத்துக்கொண்டது.

சுமார் 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்ட அந்த மாதிரியில் ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த 70,000க்கும் மேற்பட்ட வீரர்கள் நிற்கிறார்கள். ஒவ்வோர் உருவமும் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் உயரம். ஏறக்குறைய இரண்டு வீரர்களுக்கு ஓர் உருவம் என்பது கணக்கு. 1815 ஜூன் 18 மாலை 7 மணி அளவில், நெப்போலியனின் பேரரசுக் காவற்படை கடைசியாகத் தாக்கிய தருணத்தை அது காட்டுகிறது. சுமார் 40,000 பிரஷ்ய வீரர்களைக் குறிக்கும் உருவங்கள் அதிலிருந்து அகற்றப்பட்டன. செய்தவர் அகற்றினாரா, அகற்றவைக்கப்பட்டாரா என்பதே என் தேடல்.

செய்தவர் வில்லியம் சைபோர்ன், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. வாட்டர்லூவில் அவர் போரிடவில்லை. அதன்பின் பாரிஸில் தங்கிய ஆக்கிரமிப்புப் படையில் இருந்தார். நில அளவையிலும் நிலவரைபடத்திலும் தேர்ந்தவர், 1822இலும் 1827இலும் அத்துறையில் நூல்கள் எழுதியவர். 1830இல் ராணுவத் தலைமை இந்த வேலையை அவரிடம் ஒப்படைத்தது. அவர் போர்க்களத்தின் நடுவே இருந்த லா ஹே சாந்த் பண்ணைவீட்டிலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். அதற்குள் களம் மாறிப்போயிருந்தது. நெதர்லாந்து அரசரின் ஆணைப்படி 1820களில் சிங்க மேடு என்ற நினைவுச்சின்னத்தை எழுப்புவதற்காக, வெலிங்டனின் படை நின்ற முகட்டிலிருந்தே மண்ணை வெட்டி எடுத்திருந்தார்கள். இல்லாமல் போன சரிவுகளையும் சைபோர்ன் தன் மாதிரியில் மீட்டுக் கட்ட வேண்டியிருந்தது.

நிலம் அளவையில் கிடைத்தது. படைகள் நின்ற இடங்கள் கிடைக்கவில்லை. அதனால் 1834இலிருந்து உயிரோடிருந்த அதிகாரிகளுக்குச் சுற்றுக்கடிதம் அனுப்பினார். மாலை 7 மணிவாக்கில் உங்கள் படைப்பிரிவு எங்கே, எந்த அணிவகுப்பில் நின்றது? எதிரே இருந்த எதிரியின் அணிவகுப்பு என்ன? இவற்றோடு அவர் கேட்ட இன்னொன்று என்னை மிகவும் கவர்ந்தது: உங்கள் முன்னால் வயலில் என்ன பயிர் நின்றது? ஜூன் மாதத்து ரைப் பயிர் ஆளை மறைக்கும் உயரம் வளர்ந்திருந்தது. அது நின்றதா, மிதிபட்டுக் கிடந்ததா என்பதைப் பொறுத்தே யார் கண்ணுக்கு எதிரி எப்போது தெரிந்தான் என்று முடிவு செய்ய முடியும். பார்வைக்கோட்டை நூல் பிடித்துப் பார்க்கும் இன்றைய மேசை ஆட்டக்காரர்களின் கேள்வியும் இதுதான். அதை அவர் அன்றே கேட்டார்.

சுமார் 700 பதில்கள் வந்தன. இருபது ஆண்டு பழைய நினைவு என்பதால் அவை ஒன்றையொன்று மறுத்தன. நெப்போலியனின் காவற்படையை விரட்டியது யார் என்பதில்தான் பெரிய மோதல். பிரிட்டிஷ் தளபதி மெய்ட்லண்டின் முதலாம் காவல் ரெஜிமெண்ட் அந்தப் புகழை 1815இலேயே பெற்றுவிட்டது. எதிரே நின்றவர்கள் பிரெஞ்சு கிரெனடியர்கள் என்று நம்பி அதற்குக் கிரெனடியர் கார்ட்ஸ் என்ற பெயரும் சூட்டப்பட்டது. உண்மையில் அவர்கள் எதிர்கொண்டது பிரெஞ்சுக் காவற்படையின் இன்னொரு பிரிவான ஷாஸர் வீரர்களை. பிரிட்டிஷ் அதிகாரி கோல்போர்னின் 52ஆவது ரெஜிமெண்டாரோ பக்கவாட்டில் திரும்பிச் சுட்டு அந்த அணியைச் சிதைத்தது நாங்கள்தான் என்றார்கள். நெதர்லாந்துப் படையின் குரல் சைபோர்னின் கோப்புகளுக்குள் போதிய அளவு வரவே இல்லை. அந்நாட்டின் நோப் என்ற அதிகாரி 1846இல் அவருக்கு மறுப்பு நூல் எழுதினார். கேட்கப்படாதவர்கள் மேசையில் இடம் இழப்பார்கள் என்பதற்கு இது முதல் சான்று.

பிரஷ்யரை அப்படிச் சொல்ல முடியாது. சைபோர்ன் பெர்லினில் பிரஷ்யத் தலைமைத் தளபதியகத்திடம் கேட்டு விவரம் பெற்றார். பிரஷ்யத் தளபதி ப்யூலோவின் படைப்பிரிவு மாலை 4.30 மணிவாக்கில் பாரிஸ் காட்டிலிருந்து வெளிப்பட்டுப் பிளான்ஸ்னுவா ஊரைத் தாக்கியது. அதைத் தடுக்க நெப்போலியன் இளங்காவற்படையை அனுப்பினார், பிறகு மூத்த காவற்படையிலிருந்து இரண்டு பட்டாளங்களையும் அனுப்ப வேண்டி வந்தது. ஆக, 7 மணிக்குப் பிளான்ஸ்னுவாவில் கடும் போர். மாதிரியில் முதலில் சைபோர்ன் வைத்தது இந்தக் காட்சியைத்தான்.

இங்கே தடம் லண்டனை நோக்கித் திரும்புகிறது. ராணுவச் செயலராக இருந்தவர் பிட்ஸ்ராய் சாமர்செட். வாட்டர்லூவில் வலக்கையை இழந்தவர், வெலிங்டனின் நம்பிக்கைக்குரியவர். சைபோர்ன் தன் திட்டத்தை அவர் வழியாகவே வெலிங்டன் பார்வைக்கு அனுப்பினார். பிரஷ்யர் இருக்கும் இடம் தவறு என்பது பதில். 1833இலேயே அரசு பணத்தை நிறுத்திவிட்டதால் சைபோர்ன் கடன் வாங்கி வேலையை நடத்திக்கொண்டிருந்தார். மொத்தச் செலவு 3,000 பவுண்டை எட்டியது. கடைசியில் பிரஷ்ய உருவங்கள் எடுக்கப்பட்டன. 1838இல் பிக்காடிலியில் எகிப்திய மண்டபத்தில் மாதிரி காட்சிக்கு வந்தது. ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து ஏறத்தாழ 1,00,000 பேர் பார்த்தார்கள். அப்படியும் சைபோர்னின் கடன் தீரவில்லை, 1849இல் இறந்தார்.

வெலிங்டன் தரப்பையும் சொல்ல வேண்டும். மாதிரி ஒரு போரின் ஒரே கணத்தைத்தான் காட்ட முடியும். இதிலோ ஒவ்வொரு படையும் தானே தேர்ந்துகொண்ட இடத்தில் நிற்கிறது என்று அவர் பின்னாளில் எழுதினார். இது கூர்மையான விமர்சனம், ஏற்கத்தக்கதும்கூட. சாட்சிகள் தங்களைப் பற்றிச் சொன்னதையே நம்பி வைத்த மேசை அது. ஆனால் அந்தக் குறை பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகளுக்கும் பொருந்தும், அவை எடுக்கப்படவில்லை. மேலும், போருக்கு மறுநாள், 1815 ஜூன் 19 தேதியிட்ட தன் அறிக்கையில் அதே வெலிங்டன், வெற்றிக்குப் பிரஷ்யத் தலைமைத் தளபதி ப்ளூகரும் அவருடைய படையும் தக்க நேரத்தில் செய்த உதவியைக் காரணமாகச் சொல்லியிருக்கிறார். ப்யூலோ எதிரியின் பக்கவாட்டைத் தாக்கியதையும் பாராட்டியிருக்கிறார். மறுநாளே எழுதிய நினைவுக்கும் இருபது ஆண்டு கழித்து வந்த எதிர்ப்புக்கும் இடையே நான் முன்னதையே நம்புவேன்.

ஆய்வாளர்கள் இதில் பிரிந்து நிற்கிறார்கள். பீட்டர் ஹோஃப்ஷ்ரோயர் 2004இல் எழுதிய நூலில் இது மேலிடத்து அழுத்தம் என்று வாதிட்டார். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்போரும் உண்டு. எனக்குச் சதி எதுவும் தெரியவில்லை. கடன், மேலதிகாரியின் அதிருப்தி, நாட்டின் பெரிய வீரரிடம் தான் கொண்டிருந்த மரியாதை ஆகிய மூன்றும் ஒரு நேர்மையான மனிதரைத் தன் சான்றுக்கு எதிராக வளைத்தன என்றே நினைக்கிறேன்.

ஆனால் அவர் கடிதங்களை அழிக்கவில்லை. மகன் ஹெர்பர்ட் டெய்லர் சைபோர்ன் 1891இல் அவற்றில் ஒரு பகுதியைத் தேர்ந்து அச்சிட்டார். விடுபட்டவற்றை கேரத் குளோவர் 2004இல் பதிப்பித்தார். மூலப்பிரதிகள் பிரிட்டிஷ் நூலகத்தில், கூடுதல் கையெழுத்துப் பிரதிகள் 34703 முதல் 34708 வரையிலான எண்களில் இருக்கின்றன. வாட்டர்லூவை மேசையில் விரிக்கும் நண்பர்கள் இந்த இரண்டு தொகுப்புகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். அதோடு, 4.30 மணிக்கு மேசையின் கிழக்கு ஓரத்தில் ப்யூலோவின் படையை முழு எண்ணிக்கையில் நிறுத்துங்கள். அவர்களுக்கு அந்த இடம் உரியது.