எரியாத லைற்றும் ஏறாத முள்ளும்: பழைய வாகனம் வைத்திருப்போருக்கு

இரத்மலானையில் காலி வீதியை அண்டிய ஒழுங்கை ஒன்றில், வாகன வயரிங் வேலை செய்யும் அண்ணை ஒருவர் இருக்கிறார். வன்னியிலிருந்து வந்தவர். எங்கள் பழைய டொல்பின் வானைக் கொண்டுபோனபோது அவர் பொனெட்டைத் திறக்கவில்லை. திறப்பை 'ஓன்' வரை திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் மீற்றர் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒயில் லைற் எரியேல்லை, தங்கச்சி."

"அது நல்லதுதானே அண்ணை?"

"இப்ப எரிய வேணும். ஸ்டார்ட் பண்ணினாப் பிறகுதான் அணைய வேணும்."

மூன்று வருடமாக அந்த வானில் போய் வருகிறேன். இது எனக்குத் தெரியாது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. விலையோ எட்டாத உயரம். ஆகவே பழையதைத்தான் ஓட்டுகிறோம். எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்டினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. இரவில் சோதனைச் சாவடியை நெருங்கினால் முன் லைற்றை அணைத்து உள் லைற்றைப் போட வேண்டும். அந்தச் சின்னப் பல்ப் பழுதானால் என்ன நடக்கும் என்ற பயம் அப்பாவுக்கு எப்போதும் இருந்தது. பயணத்துக்கு முதல்நாள் அதைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார்.

அண்ணை சொல்லித்தந்த ஒழுங்கு இதுதான். திறப்பை ஓன் செய்ததும் ஒயில், பெற்றரி லைற்றுகள் இரண்டும் எரிய வேண்டும். ஒயில் லைற் எரியாவிட்டால், எஞ்சினில் உள்ள ஒயில் சுவிற்ச்சின் வயரைக் கழற்றி எஞ்சின் உலோகத்தில் தொடுங்கள். எரிந்தால் சுவிற்ச் பழுது. எரியாவிட்டால் பல்ப், பியூஸ், அல்லது வயர். மறுபக்கம், வயரைக் கழற்றிய பிறகும் லைற் எரிந்தபடி இருந்தால் அந்த வயர் எங்கோ உரசி பொடியில் முட்டுகிறது. ஓடும்போது ஒயில் லைற் எரிந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.

பெற்றரி லைற்றை அலட்சியம் செய்யாதீர்கள். பல அல்ரனேற்றர்கள் சார்ஜ் பண்ணத் தொடங்குவதே அந்தப் பல்ப் வழியாக வரும் சிறு மின்னோட்டத்தால்தான். பல்ப் போனால் சார்ஜும் போகலாம். அந்த இடத்தில் எல்.ஈ.டி. பல்ப் போட்டாலும் இதே வில்லங்கம் வரும்.

ஹீற் முள் அசையவில்லையா? எஞ்சின் ஆறியிருக்கும்போது சென்சரின் வயரைக் கழற்றி, திறப்பு ஓனில் இருக்க, ரெஸ்ட் லாம்ப் ஊடாக உலோகத்தில் தொடுங்கள். பெரும்பாலான வாகனங்களில் முள் மேலேறும். ஏறினால் மீற்றர் நல்லது, சென்சரை மாற்றினால் போதும். நேரடியாகத் தொட்டு நெடுநேரம் வைத்திருந்தால் மீற்றரே எரிந்துவிடும். எரிபொருள் முள்ளுக்கு இதைத் தாங்கிக்குப் பக்கத்தில் செய்யாதீர்கள். ஒரு பொறி போதும்.

ஹீற் முள்ளும் எரிபொருள் முள்ளும் சேர்ந்து பிழையாகக் காட்டினால் சென்சர்களை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். 1960களின் நடுவிலிருந்து வந்த பிரித்தானியக் கார்கள் பலவற்றில் மீற்றருக்குப் பின்னால் சிறு வோல்ற்றேஜ் ஸ்டெபிலைசர் ஒன்று உண்டு. பெற்றரியின் 12 வோல்ற்றைச் சராசரி 10 ஆகக் குறைத்து இரண்டுக்கும் கொடுப்பது அதுதான். அதன் எர்த் விட்டுப்போனால் இரண்டு முள்ளும் கூடுதலாகக் காட்டும். தாங்கி நிறைந்திருப்பதாக நம்பி ஏ9இல் நடுவழியில் நிற்பீர்கள்.

சிக்னல் போடும்போது முள் துள்ளுகிறதா, லைற்றுகள் மங்குகின்றனவா? அதுவும் எர்த்தாகவே இருக்கும். கரையோர உப்புக்காற்று அந்த இணைப்புகளைத் தின்றுவிடும். பெற்றரியைக் கழற்றிவிட்டு, மண்தாளால் உலோகம் மினுங்கும்வரை தேய்த்து இறுக்குங்கள். அண்ணையிடம் வருவனவற்றில் பாதிக்கு மேல் இந்த வேலைதானாம்.

'டி-பெல்ற்' லைற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். டொயோட்டா டீசல் வான்களில் 1,00,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அது எரியும். பழுது அல்ல, டைமிங் பெல்ற்றை மாற்றச் சொல்கிறது. மாற்றாமல் லைற்றை மட்டும் அணைத்து விற்பவர்களும் உண்டு.

எங்கள் வானில் ஒயில் லைற்றின் பல்ப்பையே யாரோ கழற்றியிருந்தார்கள். புதிது போட்டு ஸ்டார்ட் செய்தோம். லைற் அணையவில்லை. அண்ணை உடனே எஞ்சினை நிறுத்தினார். பிறகு தனி மீற்றர் பூட்டி அழுத்தத்தை அளந்தார். குறைவாகத்தான் இருந்தது. வான் இப்போது எஞ்சின் வேலைக்காரரிடம் நிற்கிறது. அம்மாவை இந்த முறை பஸ்ஸில்தான் கிளிநொச்சிக்கு அனுப்பினேன்.