மனைவிக்குப் புத்திமதி: ஒரு சரக்கின் உலகப் பயணம்

நீளப் பாவாடை, மாவு பிசையும் கைகள், பின்னணியில் மெல்லிய இசை. ‘டிராட் வைஃப்’ என்ற பெயரில் கைப்பேசியில் வலம்வரும் காணொளிகளுக்குச் சொல்ல ஒரே செய்திதான்: வீட்டைப் பார், கணவனை மதி, பழைய வழக்கத்துக்குத் திரும்பு. எந்தக் காலத்துப் பழக்கம், யார் வீட்டு வழக்கம் என்று விசாரிக்கப் புகுந்தால் கதை சுவாரசியமாகிறது. மனைவிக்குப் புத்திமதி சொல்லும் எழுத்து கைமாறிக் கைமாறி, சரக்கு மாறி, லேபிள் மட்டும் மாறாமல் வந்திருக்கிறது.

கி.பி. 106 வாக்கில் சீனாவில் பான் சாவ் என்ற பெண்மணி ‘பெண்களுக்கான பாடங்கள்’ எழுதினார். ஏழே அத்தியாயங்கள். பணிந்து நட, கணவனுக்கு அடங்கு, மாமியார் சொல்வது தவறென்று தெரிந்தாலும் எதிர்த்துப் பேசாதே. எழுதியவரோ இளமையிலேயே கணவனை இழந்தவர், சிறையில் இறந்துபோன அண்ணன் பாதியில் விட்ட ஹான் வம்ச வரலாற்றை எழுதி முடித்த அறிஞர், பேரரசிக்கே ஆசிரியை. ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் படிப்புச் சொல்லிக்கொடுப்பது என்ன நியாயம் என்று அதே நூலில் கேட்டும் வைத்தார். பின்னால் வந்தவர்கள் பணிவை உரக்கப் படித்தார்கள். கேள்வியை மெல்லத் தாண்டிப் போனார்கள்.

1393 வாக்கில் பாரிஸில் பேனாவை எடுத்தவர் வயதான, வசதியான கணவர். மனைவிக்குப் பதினைந்து வயது. வெளியார் முன்னால் என்னைத் திருத்தாதீர்கள், இரவில் தனியறையில் சொல்லுங்கள் என்று அந்தச் சிறுமி கேட்டுக்கொண்டாளாம். அதற்குப் பதிலாக ஒரு முழுப் புத்தகமே வந்துவிட்டது. ஜெபம், கீழ்ப்படிதல், தோட்டம், சமையல், வல்லூறு வளர்ப்பு என எல்லாம் அதில் உண்டு. தெள்ளுப்பூச்சியை ஒழிக்க ஆறு வழிகள் தருகிறார்: அதில் ஒன்று, ரொட்டித் துண்டில் பசையோ டர்பன்டைனோ தடவி, நடுவில் மெழுகுவத்தி ஏற்றி, அறையில் வைப்பது. இத்தனை அக்கறைக்கும் அவர் சொல்லும் காரணம்தான் விசேஷம்: நான் போன பிறகு நீ மறுமணம் செய்துகொள்வாய், இவளை வளர்த்தவன் கெட்டிக்காரன் என்று அடுத்த கணவன் சொல்ல வேண்டும்!

ஜப்பானில் இந்தச் சரக்கைக் கையில் எடுத்தவர்கள் பதிப்பாளர்கள். கைபாரா எக்கென் என்ற புகழ்பெற்ற அறிஞர் 1710இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூலில், பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. 1714இல் அவர் காலமானார். 1716இல் அந்தப் பகுதியின் சாயலில் ‘ஒன்னா தைகாகு’ என்ற தனிநூல் கடைக்கு வந்தது. பத்தொன்பது விதிகள், கூடவே படங்கள், பிள்ளை வளர்ப்புக் குறிப்புகள். ஆசிரியர் என்று எக்கெனின் பெயர். செத்தவர் வந்து மறுக்கவா போகிறார்? பெண்கள் எழுதிப் பழகும் பாடமாகவும் அது வீடுவீடாகப் புகுந்தது. 1899இல் ஃபுகுசாவா யுகிச்சி என்ற சீர்திருத்தச் சிந்தனையாளர் விதி விதியாக எடுத்துக் கிழிக்கும் அளவுக்கு அதன் செல்வாக்கு நிலைத்திருந்தது.

இந்தியாவில் 1869. நசீர் அகமது தம் மகளுக்காக உருதுவில் எழுதிய கதை ‘மிராத்-உல்-உரூஸ்’, அதாவது மணமகளின் கண்ணாடி. அது வெளியே வந்ததே ஒரு தற்செயல் என்பார்கள். அவருடைய சிறுவயது மகன் வழியில் கல்வித்துறை இயக்குநர் கெம்ப்சனைச் சந்தித்தபோது, தான் படிக்கும் புத்தகத்தோடு அக்காவின் புத்தகத்தையும் பற்றிப் பேசினானாம். கையெழுத்துப் பிரதி துரை கைக்குப் போயிற்று. அரசு ஆயிரம் ரூபாய் பரிசு தந்தது. கதையில் இரண்டு சகோதரிகள். மூத்தவள் அக்பரி சண்டை பிடித்துத் தனிக்குடித்தனம் போய், ஒரு வேஷக்காரியிடம் நகைகளைப் பறிகொடுக்கிறாள். இளையவள் அஸ்கரி வேலைக்காரியின் கணக்குத் திருட்டைக் கண்டுபிடிக்கிறாள், கடனை அடைக்கிறாள், பெண்களுக்குப் பள்ளிக்கூடமும் நடத்துகிறாள். அடக்கமான மருமகள் என்ற பெயர். உண்மையில் குடும்பத்தின் நிர்வாகி. அதே காலத்தில் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையும் பெண்களுக்குப் புத்திமதியையும் கல்விக்கான வாதத்தையும் சேர்த்தே எழுதினார். புத்தகம் சொன்னபடி நடக்கவாவது பெண் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தாக வேண்டுமே!

அடுத்த தாவல் கலிபோர்னியாவுக்கு. எட்டுப் பிள்ளைகளின் தாயான ஹெலன் ஆண்டலின் கையில் 1920களின் பழைய கையேடுகள் சில கிடைத்தன. அவற்றைத் தழுவி 1963இல் ‘ஃபேஸினேட்டிங் உமன்ஹுட்’ எழுதினார். இலட்சிய மனைவிக்கு அவர் காட்டிய மாதிரி சார்லஸ் டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலிலிருந்து வந்தது: ஆக்னஸின் தெய்வீகக் குணமும் டோராவின் குழந்தைத்தனமும் கலந்தால் கணவன் மயங்குவான். கோபம் வந்தால் சிறுமியைப் போலக் காலை உதை, உதட்டைப் பிதுக்கு என்று செய்முறையும் உண்டு. ஆதிகாலத்துப் பெண்மை என்று விற்பனைக்கு வந்தது, ஓர் ஆண் நாவலாசிரியர் லண்டனில் கற்பனை செய்த இரண்டு பாத்திரங்கள்! இல்லத்தரசியின் மனப்புழுக்கத்தைப் பேசிய பெட்டி ஃப்ரீடனின் ‘தி ஃபெமினைன் மிஸ்டிக்’ வெளிவந்ததும் அதே 1963இல்தான். ஆண்டலினின் நூல் 20 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. வீட்டிலேயே இரு என்றவர் வகுப்பு, மேடை, தொலைக்காட்சி என்று வெளியே ஓய்வில்லாமல் உழைத்தார்.

சந்தை சூடாக இருந்தால் அடுத்த கடை முளைக்காதா? மராபெல் மார்கனின் ‘தி டோட்டல் உமன்’ 1974இல் அமெரிக்காவில் புனைகதை அல்லாத நூல்களின் விற்பனையில் முதலிடம் பிடித்தது. 1995இல் எலன் ஃபைன், ஷெர்ரி ஷ்னைடர் இருவரும் கல்யாணமாகாதவர்களுக்கு ‘தி ரூல்ஸ்’ கொண்டுவந்தார்கள்: அவனே முதலில் பேசட்டும், புதன்கிழமைக்குப் பிறகு அழைத்தால் சனிக்கிழமை சந்திப்புக்கு ஒப்புக்கொள்ளாதே. 2001இல் திருமணத்துக்கான விதிகளையும் எழுதி முடித்தார்கள். அது கடைக்கு வரும் நேரத்தில் ஃபைனின் சொந்த மணவாழ்க்கை விவாகரத்தில் போய் நின்றது. ஆனாலும் புத்தகம் வெளிவந்தது. வைத்தியரின் உடம்பைப் பார்த்து மருந்து வாங்கும் வழக்கம் இந்தக் கடைத்தெருவில் என்றைக்குமே இருந்ததில்லை.