கல்வெட்டின் தலைப்பும் கணினியின் தலைப்பும்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். கண் பார்வை இல்லாதவன். நல்ல வேலையில் இருக்கிறான். "சார், அறுபது பக்க அறிக்கை கொடுத்திருக்காங்க. நாளைக்குக் கூட்டம். தலைப்பையெல்லாம் வெறுமனே தடித்த எழுத்தாக்கி வச்சிருக்காங்க. எனக்கு வாசித்துக் காட்டுற மென்பொருளுக்கு அது தலைப்புன்னே தெரியல. எனக்கு வேண்டிய பகுதிக்குத் தாவ முடியாம முதல்லேருந்து கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றான்.

மனம் கனத்துப் போனது. மறுநாள் மாலை உப்பளத்துப் பக்கம் நடந்துவிட்டு, நம் மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலில் உட்கார்ந்தேன். சுவரில் இருக்கும் சோழர் காலக் கல்வெட்டுகளை உங்களில் பலருக்குக் காட்டியிருக்கிறேன், நினைவிருக்கிறதா?

சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். பழைய கல்வெட்டுகள் பலவற்றில் பட்டமும் ஆட்சியாண்டும் மட்டுமே இருக்கும். எந்த இராசகேசரி என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் இன்றும் திண்டாடுகிறார்கள்.

985-இல் பட்டமேறிய முதலாம் இராசராசன் இதற்கு ஒரு வழி செய்தான். தன் எட்டாம் ஆட்சியாண்டு வாக்கில், மெய்க்கீர்த்தியைக் கல்வெட்டின் தொடக்கத்தில் பொறிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தான். எந்த ஊர்க் கோயிலானாலும் பெரும்பாலும் தொடக்கம் ஒன்றே. வெற்றிகள் கூடக் கூட வரிகள் கூடும், தொடக்கம் மாறாது. பின்வந்த சோழர்களும் தமக்கெனத் தனி மெய்க்கீர்த்தி வைத்துக்கொண்டார்கள். கல் பொரிந்து மன்னன் பெயரே அழிந்திருந்தாலும், மிஞ்சிய சில சொற்களை வைத்து அவன் யாரென்றும், ஏறக்குறைய எந்த ஆண்டென்றும் சொல்லிவிடலாம்.

ஒரே மாதிரி எழுதுவது அழகுக்காக மட்டுமல்ல. நமக்குப் பின்னால் வந்து தேடுபவருக்கு அது வழி.

வேர்டில் 'ஸ்டைல்ஸ்' என்று இருப்பதும் அதுதான். தலைப்புக்கு 'ஹெடிங் 1', உட்தலைப்புக்கு 'ஹெடிங் 2' என்று தேர்ந்தெடுங்கள். பொருளடக்கத்தைக் கணினியே போட்டுத் தரும். எழுத்தின் அளவை மாற்ற வேண்டுமா? ஸ்டைலில் ஓரிடத்தில் மாற்றினால் போதும், எல்லாத் தலைப்பும் மாறிவிடும். பார்வையற்றவர் ஒரு விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவலாம்.

நானும் இத்தனை நாள் எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கிவிட்டுத் தலைப்பு என்றுதான் நினைத்திருந்தேன். அறுபது தாண்டித்தான் கற்றுக்கொண்டேன். அவனோ அன்று இரவு இரண்டு மணி வரை கேட்டு முடித்துவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போனானாம்.

அலுவலகங்களில் இருக்கும் என் பிள்ளைகளே, நாளை எழுதும் முதல் கடிதத்திலிருந்தே தொடங்குங்கள். உங்கள் பக்கத்து மேசையிலும் அவனைப் போல ஒருவர் இருக்கலாம்.