கண்ணாடித் தகட்டில் ஒரு காலம்

ஹைதராபாத் நகரம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எவ்வாறு விளங்கிற்று என்பதை இன்று நாம் கண்ணாரக் காண இயலுகின்றது. அதற்குப் பெரிதும் காரணமானவர் ராஜா தீன்தயாள் என்னும் புகைப்படக் கலைஞர். அவருடைய படங்களைப் போற்றும் நாம், அவற்றின் பின்னே நின்ற உழைப்பையும் சற்று எண்ணிப் பார்த்தல் தகும்.

தீன்தயாள் 1844-இல் மீரத் நகரை அடுத்த சர்தனாவில் ஒரு சமணக் குடும்பத்திற் பிறந்தார். ரூர்க்கியிலுள்ள தாம்சன் பொறியியற் கல்லூரியிற் பயின்று, இந்தூரில் பொதுப்பணித் துறையில் அலுவல் ஏற்றார். கட்டடங்களுக்கு மதிப்பீடு செய்வதும் வரைபடம் தீட்டுவதும் அவர் பணி. 1874-ஆம் ஆண்டளவில் காமிராவைக் கையில் எடுத்தார். கோபுரத்தின் கோடு சாயாமலும் மண்டபத்தின் அளவு கெடாமலும் படமெடுக்க அவருக்குத் துணை நின்றது இந்தப் பொறியியற் பயிற்சியே எனலாம்.

அந்நாளில் படமெடுப்பது எளிய செயலன்று. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசையை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்தில் கழுவியாக வேண்டும். நம் நாட்டு வெயிலோ ஈரத்தை விரைவில் உறிஞ்சிவிடும். படத்தைப் பெரிதாக்கும் வசதியும் அக்காலத்தில் அரிது. பெரிய படம் வேண்டுமானால் அதே அளவுத் தகடும், அதற்கேற்ற பெரிய காமிராவும் வேண்டும். ஆகவே, முக்காலி, கூடாரம், மருந்துக் குப்பிகள், உடையும் தகடுகள் ஆகிய அனைத்தும் காட்டு வழியே பயணம் செய்தன. 1880-களில் உலர் தகடுகள் பரவிய பின்னரே இச்சுமை ஓரளவு குறைந்தது.

லெப்பல் கிரிஃபின் என்னும் ஆங்கில அதிகாரியுடன் அவர் புந்தேல்கண்டுப் பகுதியிற் சுற்றினார். மத்திய இந்தியாவின் புகழ்பெற்ற சின்னங்களைப் பற்றி கிரிஃபின் 1886-இல் வெளியிட்ட நூலை அழகு செய்தவை தீன்தயாளின் படங்களே.

நிலையான அரசு ஊதியத்தைத் துறந்து கலையையே தொழிலாகக் கொள்வது எளிய முடிவன்று. ஆயினும் தீன்தயாள் அதனைத் துணிந்தார். ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் அவரைத் தம் அவைப் புகைப்படக் கலைஞராக ஏற்றார். பின்னர் ராஜா பகதூர் முஸவ்விர் ஜங் என்னும் பட்டமும் அளித்தார். செகந்தராபாத்திலும், 1896-இல் பம்பாயிலும் படநிலையங்கள் எழுந்தன. கோஷா மகளிரைப் படமெடுக்க 1892-இல் ஹைதராபாத்தில் தனி நிலையம் ஒன்று அமைந்தது. அதனை நடத்தியவர் ஓர் ஆங்கிலப் பெண்மணி.

இங்கு நாம் ஒன்றை மறத்தலாகாது. அரசரும் அதிகாரிகளும் விரும்பியவற்றையே அவருடைய காமிரா பெரும்பாலும் கண்டது. மாளிகை, வேட்டை, அணிவகுப்பு ஆகியவற்றுக்கு அங்கு இடம் மிகுதி. பஞ்ச நிவாரணப் பணிகளையும் அவர் படமெடுத்தார். ஆயினும் அவற்றில் முன்னிற்பது அரசின் நற்செயலே. கண்ணாடிப் பெட்டிகளைச் சுமந்து நடந்தவர்களின் பெயர்களோ படத்தின் அடியில் இடம்பெறவில்லை. எனவே அப்படங்களைச் சான்றாகக் கொள்ளும்போது, யார் பொருட்டு எடுக்கப்பட்டவை என்னும் வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும்.

தீன்தயாள் 1905-இல் மறைந்தார். மூன்றே ஆண்டுகளில், 1908 செப்டம்பரில், மூசி நதி பெருக்கெடுத்து நகரின் பல பகுதிகளை அழித்தது. வெள்ளத்துக்கு முந்திய ஹைதராபாத்தின் சாயலை நாம் காண அப்படங்கள் துணைபுரிகின்றன. அவருடைய படநிலையத்தின் 2,857 கண்ணாடித் தகடுகளை இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 1989-இல் பெற்றுக் காத்து வருகின்றது. கல்லாற் கட்டிய வீதிகளை நீர் கொண்டு சென்றது. கை தவறினால் உடையும் கண்ணாடியோ நம் காலம் வரை வந்து சேர்ந்திருக்கின்றது.