விதை முளைக்கலையா... தொட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க! காந்தாரி மிளகாய் வளர்க்கலாம் வாங்க

அவிச்ச மரச்சீனிக் கிழங்கு. தொட்டுக்க காந்தாரி மிளகாய், சின்ன உள்ளி, உப்பு நசுக்கி, மேலே ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய். நாகர்கோவில் பக்கம் போனால் இதைச் சாப்பிடாமல் வந்துடாதீங்க!

சாதாரண மிளகாயும் காந்தாரியும் வேறு வேறு இனம். காந்தாரியின் தாவரவியல் பெயர் காப்சிகம் ஃப்ரூட்டெசென்ஸ். பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது. பழத்தை விழுங்கி, எச்சத்தில் விதையைப் போட்டுவிட்டுப் போகும். தென்னை மூட்டிலும் வேலி ஓரத்திலும் யாரும் நடாமலேயே காந்தாரி முளைப்பது இப்படித்தான்.

ஒரிஜினலா? இப்படிப் பாருங்க

காய் வானத்தைப் பார்த்து நின்றாலே காந்தாரி என்று நினைத்துவிடக் கூடாது. அழகுக்கு வளர்க்கும் சில மிளகாய்களும் அப்படித்தான் நிற்கும். மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

* பூ: சாதாரண மிளகாயின் பூ பால் வெள்ளை. காந்தாரிப் பூவில் லேசான பச்சை கலந்திருக்கும். ஒரே கணுவில் இரண்டு, மூன்று பூக்கள்கூட வரும்.
* காய்: மெலிந்து, ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். காய் வெளிறிய நிறத்தில் இருக்கும் வெள்ளைக் காந்தாரியும் உண்டு.
* பழம்: லேசாக இழுத்தாலே காம்பு செடியில் நின்றுவிட, பழம் மட்டும் கையோடு வந்துவிடும்.

விதையிலிருந்து செடி

நன்கு பழுத்த பழத்திலிருந்து விதையெடுத்து, நிழலில் நான்கைந்து நாள் உலர்த்துங்கள். கையுறை கட்டாயம். அந்தக் கையோடு கண்ணைத் தொட்டால் அவ்வளவுதான்!

ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்த தட்டில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். ஈரம் காயக் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது.

பலரும் தோற்பது இங்கேதான். பத்து நாளில் முளைக்கவில்லை என்றதும் மண்ணைக் கொட்டிவிடுகிறார்கள். காந்தாரிக்கு இரண்டு முதல் நான்கு வாரம்கூட ஆகும். பொறுமை பாஸ்!

நான்கைந்து இலை வந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். பாதி நிழலிலும் வளரும். இலை சுருண்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள்.

அடுத்த வருஷத்துக்கு

பக்கத்தில் வேறு மிளகாய் இருந்தால் கலப்பாக வாய்ப்பு உண்டு. பூ விரியும் முன்பே ஒரு கிளையை மெல்லிய துணிப்பையால் மூடுங்கள். தன் மகரந்தத்திலேயே காய்க்கும். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் கிளையில் நூல் கட்டி வையுங்கள். அந்தப் பழங்கள் விதைக்கு மட்டும்.

ஒரு செடி சில ஆண்டுகள் காய்க்கும். நான்கு விதையை நண்பருக்கும் கொடுங்கள். உங்கள் செடி பட்டுப்போனாலும் அந்த விதை அவர் வீட்டில் பிழைத்திருக்கும்!