மலடியின் மகன்: மணிமேகலைத் தருக்கத்தில் ஒரு முரணின் வரலாறு

தன் தாயை மலடி என்று ஒருவன் சொன்னால், அதை மறுக்க வேறு சாட்சி வேண்டியதில்லை, சொல்பவனே சாட்சி. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்த ஆசான் அறவண அடிகள் பக்கப்போலி (நிறுவ எடுத்துக்கொண்ட கூற்றிலேயே உள்ள குறை) ஒன்பதை விளக்குகையில், தன் சொல்லோடு தானே முரணும் சுவசன விருத்தத்துக்குக் காட்டும் எடுத்துக்காட்டு இதுவே. உ.வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தார். பௌத்தச் செய்திகளில் மளூர் ரங்காசாரியார் அவருக்கு உதவினார். காதையின் காலம் பற்றிய வழக்கு அதன் பிறகு எழுந்தது.

எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928இல் வெளியிட்ட நூலில் இத்தருக்கம் பௌத்தத் தருக்க ஆசிரியர் திக்நாகருக்கு முந்தியது என்றார். அனுமானத்தின் ஐந்து உறுப்புகளையும் கூறிவிட்டு, உபநயமும் (பொருத்திக் காட்டல்) நிகமனமும் (முடிவு) திட்டாந்தத்தில் (எடுத்துக்காட்டு) அடங்கும் என்று அடிகள் சொல்கிறார். ஐந்து மூன்றாகச் சுருங்கிக்கொண்டிருந்த இடைநிலையின் அடையாளமாக ஐயங்கார் இதைக் கொண்டார். இந்த வாசிப்பை என்னால் ஏற்க இயலவில்லை. அடங்கும் என்று சொல்பவர் சுருக்கம் முடிந்த இடத்தில் நின்றுதான் சொல்கிறார். பழைய கணக்கைக் குறிப்பிட்டுவிட்டுக் கழிப்பது பாடம் நடத்துபவர்களின் இயல்பு. ஐயங்கார் உறுப்புகளை எண்ணினார். போலிகளின் எடுத்துக்காட்டுகளுக்கு அதே எடை தரவில்லை. காலத்தை அவை இன்னும் நெருங்கிக் காட்டுகின்றன.

திக்நாகரின் நியாயமுகத்தில் பக்கப்போலி ஐந்துதான். சுவசன விருத்தத்துக்கு அங்குள்ள எடுத்துக்காட்டு, எல்லாச் சொல்லும் பொய் என்பது. கிரேக்கர் கிரீட் தீவினன் ஒருவன் வாயில் வைத்த புதிருக்கு இது உறவு: மெய்யென்று கொண்டால் அந்தச் சொல்லும் பொய்யாகிவிடும். சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசத்தில் போலி ஒன்பதாகிறது. பொய்ச் சொல்லின் இடத்தில் மலடித் தாய் வருகிறாள். மணிமேகலையிலும் ஒன்பது, அதே தாய். குப்புசாமி சாஸ்திரியார் 1927இலேயே நியாயப்பிரவேசத்தை மணிமேகலைக்கு மூலமாகக் காட்டினார். அவர் பக்கமே நான் நிற்கிறேன். இந்த மாற்றத்தில் தருக்கம் ஒன்றை இழந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பொய்ச் சொல் தன்னையே சுட்டித் தன்னை வீழ்த்துகிறது. மலடித் தாய் முரணுக்கு அந்தச் சுழற்சி இல்லை. ஆனால் பயிற்சி இல்லாதவருக்கும் அது உடனே பிடிபடும். செந்துறை பஸ் ஸ்டாண்டில் ஒருவர் உரத்த குரலில் "நான் பேசவே இல்லப்பா" என்றால் பக்கத்திலிருப்பவர் சிரிப்பதும் இந்த வழியில்தான்.

சாஸ்திரியார் வழியிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. உலகறிந்ததோடு முரணும் உலக விருத்தத்துக்கு மணிமேகலை தரும் எடுத்துக்காட்டு, மதியைச் சந்திரன் அல்ல என்பது. நமக்குக் கிடைத்துள்ள வடமொழி நியாயப்பிரவேசத்தில் இது இல்லை. உயிரின் உறுப்பாதலால் சங்குபோல மனித மண்டையோடும் தூயது என்பதே அங்குள்ளது. ஆனால் சுவான்சாங் 647இல் செய்த சீன மொழிபெயர்ப்பில் முயற்கறை உடையது நிலவல்ல என்பது முதலிலும், மண்டையோடு அதன் பின்னும் வருகின்றன. நியாயமுகத்தில் நிலவு மட்டுமே. ஆகவே மணிமேகலை ஆசிரியர் சாத்தனார் கண்ட நியாயப்பிரவேசம் இன்றைய வடமொழிப் பாடமன்று. நிலவு இடம்பெற்ற ஒரு பாடம். மண்டையோடு அதில் இருந்ததா? இல்லை என்றே வாதிடுவேன். சக்கரவாளக்கோட்டச் சுடுகாட்டில் சுடலை நோன்பிகளைக் காட்டிய புலவருக்கு, அவர்களைச் சாடக் கைக்கு வந்த மண்டையோட்டை விட்டுவிடக் காரணமில்லை. நியாயமுகத்திலிருந்தே நிலவை எடுத்திருக்கலாமே எனலாம். எடுத்திருந்தால் சுவசன விருத்தத்துக்கும் அங்குள்ள பொய்ச் சொல்லை விட்டு மலடித் தாயைத் தேடியிருக்க வேண்டியதில்லை. சான்று மெல்லியது; ஆயினும் இரு எடுத்துக்காட்டுகளையும் சேர்த்து விளக்கும் வழி எனக்கு இது ஒன்றே.

இதனால் 29ஆம் காதை சங்கரசுவாமிக்குப் பிந்தியது என்ற அளவுக்குச் செல்லலாம். அவர் காலத்தைப் பொதுவாக ஆறாம் நூற்றாண்டில் வைப்பர், அதுவும் உறுதிப்பட்டதன்று. தருக்கப் பகுதி பின்னர்ச் சேர்க்கப்பட்டதென்று கொண்டால், காப்பியத்தின் மற்றக் காதைகளின் காலத்தை இந்த எடுத்துக்காட்டுகள் தீண்டவே மாட்டா.